ஐபேடுக்கு வெட்கமில்லை

கே: அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாலியல் நலப் பாடத்தைக் கம்ப்யூட்டரில் நடத்துகிறார்களாமே, டீச்சர் என்ன ஆனார்?

ப: டீச்சர் இருக்கிறார். வகுப்பு நிறைய சக மாணவர்களும் இருக்கிறார்களே! 'ஆணுறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது?' என்று அத்தனை காதுகளுக்கு நடுவே எந்தப் பதினைந்து வயதுப் பெண் கேட்பாள்?

கே: அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

ப: ஓர் உதாரணம், 'ஹெல்த்-ஈ யூ, சலூத் ஈ தூ'. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் லத்தீன் பதின்வயதுப் பெண்களுக்கென்றே உருவாக்கிய செயலி. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மருத்துவ மையங்களில், டாக்டரையோ நர்ஸையோ பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் ஐபேடைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கும். தோழி சொன்ன கட்டுக்கதைகளைத் திருத்தும். கருத்தடை முறைகளில் அவளுக்கு எவை ஒத்துவரும் என்று காட்டும். அவள் சொன்னதன் சுருக்கம் உள்ளே இருப்பவருக்குப் போய்விடும். ஆக, வாயைத் திறக்கும் சங்கடம் பாதி குறைந்தது.

கே: அம்மாவுக்குத் தெரிந்தால்?

ப: அம்மாவுக்கே பாடம் வைத்துவிட்டார்கள்! அன்டோனியா வில்லாருவேல் என்ற செவிலியர்-ஆய்வாளரின் குழு, பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று லத்தீன் பெற்றோருக்குக் கற்றுத்தர 'குயீதலோஸ்' என்ற கம்ப்யூட்டர் பாடம் தயாரித்தது. எனக்குப் பிடித்தது இதுதான்.

கே: நாடு முழுக்க இப்படித்தானா?

ப: எங்கே! கலிபோர்னியாவில் 2016 முதல் பள்ளிகளில் விரிவான பாலியல் நலப் பாடம் சட்டப்படி கட்டாயம். டெக்சஸில் 2021-ல் வந்த சட்டமோ, பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்டால்தான் பாடமே என்றது. படிவம் புத்தகப் பையில் கசங்கிக் கிடந்தால் பிள்ளை வெளியே.

கே: சொல்லிக் கொடுத்தால் கெட்டுப் போக மாட்டார்களா?

ப: புள்ளிவிவரம் வேறு மாதிரி சொல்கிறதே! அமெரிக்காவில் 15–19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991-ல் 61.8 பிரசவங்கள். 2019-ல் 16.7. பெருமையை ஐபேடுக்குக் கொடுக்காதீர்கள், 1991-ல் அது ஏது? கருத்தடைப் பயன்பாடு கூடியதும், உறவைத் தள்ளிப்போட்டதும் முக்கியக் காரணங்கள். ஆனால் லத்தீன் பெண்களிடம் 2019-லும் 25.3, வெள்ளையரிடம் 11.4. இந்த இடைவெளிதான் தனிப் பாடத்துக்குக் காரணம்.

கே: அப்படியானால் செயலி ஒன்று இருந்தால் போதுமே?

ப: போதாது. பாடம் முடிந்ததும் பக்கத்து அறையில் நர்ஸ் இருக்க வேண்டும். மருத்துவ மையமே இல்லாத ஊருக்குச் செயலியை மட்டும் அனுப்புவது, என்னைக் கேட்டால், கைகழுவும் வேலை.