ஓட்டில்லாத வேட்பாளரின் விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாச்சன் சதன், புது தில்லி.

பொருள்: ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நிற்க விருப்பம் – பத்துக் கையெழுத்துக்கு வழி கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இந்தத் தொகுதியிலுள்ள ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. சொந்த ஊர் சங்கரன்கோவில். ஆறு வருஷமாக இங்கேதான் வாசம். ஒரு அறை, பத்துப் பேர், ஐந்து பாய். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயின் சூடு ஆறுமுன் நைட் ஷிஃப்ட்காரன் வந்து சாய்வான்.

அடுத்த தேர்தலில் நிற்கலாமே என்று உங்கள் சட்டத்தைப் படித்தேன். தாராள மனசு ஐயா உங்களுக்கு! நாட்டின் எந்த மூலையில் ஓட்டு இருந்தாலும் இங்கே மக்களவைக்கு நிற்கலாமாம். தி.மு.க.வின் டி.ஆர். பாலு 2009இல் இங்கே வென்றார், 2014இல் தஞ்சாவூருக்குப் போய்த் தோற்றார், 2019இலும் 2024இலும் திரும்பி வந்து வென்றார். தப்பே இல்லை. வேட்பாளர் விருந்தாளி, ஆரத்தி எடுப்பது எங்கள் கடமை.

அதே சட்டப்படி நானும் இங்கே நிற்கலாம். எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்கொள்ள மட்டும் முடியாது. என் ஓட்டு தென்காசித் தொகுதியில் இருக்கிறது.

அது போகட்டும். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அதுவும் இதே தொகுதி வாக்காளர்கள். அறையில்தான் பத்துப் பேர் இருக்கிறோமே என்று சந்தோஷமாகக் கணக்குப் போட்டேன். என்னைத் தள்ளினால் ஒன்பது: கள்ளக்குறிச்சி மூன்று, திண்டுக்கல் இரண்டு, ஒடிசா இரண்டு, பீகார் இரண்டு. ஸ்ரீபெரும்புதூர் பூஜ்யம். இந்த ஊர்க் காரை இவர்கள்தான் பூட்டுகிறார்கள். இந்த ஊர் வேட்பாளரை மட்டும் இவர்கள் முன்மொழியக்கூடாது.

ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்குப் படிவம் 8 இருப்பது தெரியும். வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு ஓனரம்மா, "ஒரு ரூமுக்குப் பத்துப் பேர்னு எழுதிக் குடுக்கவா தம்பி?" என்று சிரித்தார். ஊரில் அம்மாவோ, ஓட்டு போனால் ரேஷன் கார்டுப் பேரும் போய்விடும் என்று பயப்படுகிறாள். காண்ட்ராக்ட் பதினொரு மாதம். பன்னிரண்டாவது மாதம் நான் எந்த ஊர்க்காரன் என்று காண்ட்ராக்டருக்கே தெரியாது.

பத்துக் கையெழுத்து விதி எப்படி வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டே புத்தகமானது. விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று காட்ட நின்ற தேர்தல் அது. உடனே கேட்டது காது: அதே வருஷம் மக்களவை டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்துக் கையெழுத்தும் வந்தது. இப்போது டெபாசிட் 25,000. என் இரண்டு மாதச் சம்பளம்.

விளையாட்டு வேட்பாளர்களை வடிகட்டத்தான் இந்தச் சல்லடை என்கிறார்கள். ஆனால் 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, இன்னும் சில ஓ. பன்னீர்செல்வங்களும் சல்லடையில் சிக்காமல் இறங்கி வந்துவிட்டார்களே! அவர்களுக்கெல்லாம் பத்துக் கையெழுத்து எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் நானும் பேரை மாற்றிக்கொள்வேன்.

செலவுக் கணக்கும் பார்த்தேன். மக்களவை வேட்பாளர் 95 லட்சம்வரை செலவழிக்கலாம். 2024இல் இந்தத் தொகுதியில் 23 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். ஆளுக்கு நாலு ரூபாய். ஒரு டீக்குக் காணாது. எல்லோரும் வரம்புக்குள்தான் செலவழித்தோம் என்று கணக்குக் கொடுப்பதால், நாங்கள் பார்த்த பிரியாணி அண்டாக்கள் பிரமையாகத்தான் இருக்க வேண்டும்.

டெபாசிட் திரும்ப வர, பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். 60 சதவீதம் பதிவானால் 2.3 லட்சம் ஓட்டு. மேட்டூரில் டயர் கடை வைத்திருக்கும் பத்மராஜன் 1988 முதல் இருநூறு முறைக்கு மேல் நின்று தோற்றிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தோற்பதற்கென்று இத்தனை வருஷம் காசு கட்டியவரை விட வேறு யார் ஐயா அரசியலில் சீரியஸ்?

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தருகிறீர்கள், நன்றி. அந்த ஒரு நாளில் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் போய், விரலில் மை வைத்து, மறுநாள் ஷிஃப்டுக்குப் பஞ்ச் அடிக்க வேண்டும். 2022 டிசம்பரில், இருந்த இடத்திலிருந்தே 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றை அறிவித்தீர்கள். எங்கள் தெருவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கட்சிகள் ஆட்சேபித்தன, இயந்திரம் அப்படியே நின்றது. எங்கள் லைனில் ஒரு இயந்திரம் பத்து நிமிஷம் நின்றால் சூப்பர்வைசருக்கு மெமோ ஐயா.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன். ஓனரம்மாவிடமே கேட்டேன். "நீ நல்ல பையன்தான். ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் பஞ்சாயத்துல ரோடு வேல நிக்குதே" என்றார். மெஸ் அண்ணன், "ஜெயிச்சுட்டு வா, அப்புறம் போடறேன்" என்றார். கடைசியில் கம்பெனி மதிலோரம் மாடு மேய்க்கும் தாத்தா பேனாவை வாங்கினார். "போன தடவ கையெழுத்துப் போட்டேன், நெலம் போச்சு. இந்தத் தடவ போறதுக்கு என்னா இருக்குது, குடு" என்று போட்டுக் கொடுத்தார்.

ஆக, கையில் இருப்பது ஒன்று. வேண்டியது இன்னும் ஒன்பது. எங்கள் அறை ஒன்பதையும் செல்லும் என்று சொல்லுங்கள். அல்லது, எந்த ஊரில் வேர்வை சிந்துகிறோமோ அந்த ஊரில் ஓட்டுப் போட, ஓனர் தயவில்லாத ஒரு வழியைச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் அந்த 72 தொகுதி இயந்திரத்தையாவது தூசி தட்டுங்கள்.

பதில் தபாலைப் பகலில் அனுப்பினால் நலம். இரவில் நான் லைனில் இருப்பேன்.

இப்படிக்கு,
இங்கே ஆறு வருஷமாக இருந்தும் இவ்வூர் வாக்காளர் அல்லாத ஒருவன்,
ஒரகடம்.