கழற்றப்படாத லென்ஸ்

லென்ஸ் மாற்றும் கேமரா என்றுதான் பெயர். மாற்ற இன்னொரு லென்ஸையும் சேர்த்துப் பரிசளிப்பவர் அரிது. 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடு தீர்மானித்த சோஷலிச பாணிச் சமுதாயம் வேறெங்கு வந்ததோ இல்லையோ, பரிசு கேமராப் பெட்டிக்குள் வந்துவிட்டது: ஏறக்குறைய எல்லோருக்கும் அதே 18-55 மி.மீ. ரக லென்ஸ். அதே ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்று அதை நீட்டினால் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் முழுக்க ஜூம் செய்தால் வெளிச்சம் வாங்கும் திறன் எஃப் 5.6 அளவுக்குக் குறைந்து, தாலி கட்டும் கை கலங்கலாக விழும். ஆகவே சற்றுப் பழைய மாடல் கேமராவை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்ப்பதே புத்தி. எஃப் 5.6-ஐவிட அது சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும்; கொக்கு மட்டும் புள்ளியாகவே இருக்கும்.

போனே போதாதா என்பார்கள். பகலில் போதும், பரிசு பெறுகிறவருக்கு அதுவே திருப்தி என்றால் காசு மிச்சம். முதலில் கற்றுக்கொள்ளட்டும், லென்ஸை அவரே பிறகு வாங்கட்டும் என்பது அடுத்த வாதம். கலங்கிய படங்களைப் பார்த்தே கற்கும் ஆர்வம் எத்தனை மாதம் தாங்கும்? மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: கல்யாணப் பரிசாகப் பழைய மாடலைக் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? நியாயம். அவர்களுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறது. அதற்கு லென்ஸ் தேவையில்லை.