பினாங்கு நமக்குப் பக்கத்து வீடு

பேராக்கின் பாரிட் புந்தாரில் பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தாண்டிய எந்த அண்ணனையும் கேட்டுப் பாருங்கள். "பினாங்கா? பக்கத்து வீடுதானே. அங்க போறதுக்கு யாராச்சும் வழி கேப்பாங்களா?" என்பார். ஆற்றைத் தாண்டினால் கெடா, நிபோங் திபால் வந்துவிட்டால் பினாங்கு மாநிலம். ஆகவே மூன்று மாநிலமும் தன் கைக்குள் என்பது இவர் கணக்கு. தீவில் தடுமாறுவது சுற்றுலா வந்தவனின் தலையெழுத்து, தனக்கு அது கிடையாது என்று உறுதியாக நம்புகிறார். இந்த நம்பிக்கைதான் குடும்பத்தோடு இவரைத் தெருத்தெருவாக அலைய வைக்கிறது.

ஊருக்குள் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில், 1906இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். வாய்க்காலை ஒட்டிய சாலையும் அப்படியே. எதிரே மோட்டாரில் வருகிறவர் யார் வீட்டு மருமகன் என்பதுவரை இவருக்குத் தெரியும். சிக்னல் போடுகிற பழக்கமே இல்லை. எந்த முனையில் திரும்புவார் என்று ஊருக்கே தெரியும்போது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுக் காரை எடுத்ததுமே முதல் சண்டை, எந்தப் பாலம் என்பது. "பத்து கவான்ல ஏறினா கிட்டப்பா" என்பான் மகன். 2014இல் திறந்த இரண்டாம் பாலம், 24 கிலோமீட்டர். அப்பாவுக்கு அதன்மேல் மரியாதை இல்லை. "அது பத்து மாவோங்ல கொண்டுபோய் விடும். அங்க நமக்கு யாருடா இருக்கா?" முதல் பாலம்தான் பாலம். 1985இல் அதைத் திறந்தபோது மகாதீர் புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு கடந்த கதையை, தானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனதுபோல ஒவ்வொரு முறையும் சொல்வார். கதை முடிகிறவரை கார் அறுபதைத் தாண்டாது. பின்னால் ஒரு மைவி விளக்கை அடித்து அடித்து ஓய்ந்து, பக்கத்தில் முறைத்துக்கொண்டே முந்தும். "பினாங்குக்காரனுக்கு எப்பவும் அவசரம்."

கரீபியக் கடலில் பார்படோஸ் என்றொரு தீவு. அங்கே வாடகைக் கார்களின் எண் பலகை 'எச்' எழுத்தில் தொடங்கும். வெளியாள் வருகிறான் என்று உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்ள வசதி. நம் அண்ணனுக்கு அந்த உதவியைச் செய்வது பேராக்கின் 'ஏ'. ஆனால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது அவருக்கு மட்டும் உறைப்பதில்லை.

ஜார்ஜ்டவுனுக்குள் நுழைந்ததும் இவர் மனத்திலிருக்கும் வரைபடம் விரியும். அது ஃபெரி துறையில் தொடங்குகிறது. கார் ஏற்றும் ஃபெரி 2021 தொடக்கத்தோடு நின்றுபோனது. இவருக்கோ இன்றைக்கும் எந்த இடமும் "ஃபெரியில எறங்கினா நேரா, அப்புறம் சோத்துக்கைப் பக்கம்" என்றுதான். அந்தச் சோத்துக்கைப் பக்கம் ஒருவழிப் பாதையாகிப் பல காலம் ஆயிற்று. வேஸ் செயலியின் குரல் வேறு திசை சொன்னால் கோபம் வரும். "அந்தப் பொம்பளைக்கு என்னா தெரியும்?"

"அந்தப் பொம்பளைக்காச்சும் தெரியுதே" என்று பக்கத்து சீட்டிலிருந்து பதில் வரும்.

கடைசி நம்பிக்கை கொம்தார் கட்டடம். அதைக் குறி வைத்துப் போனால் வழி தப்பாது என்பது இவர் சித்தாந்தம். 65 மாடிக்குமேல் உயர்ந்து நிற்பதால் எங்கிருந்தும் தெரியத்தான் செய்கிறது. முதலில் முன்னால் தெரிந்தது, பிறகு இடப்பக்கம், பிறகு பின்கண்ணாடியில், மறுபடி முன்னால். தைப்பூசத்தில் இன்னும் விசேஷம். வெள்ளி ரதத்துக்காகச் சாலைகளை அடைத்திருப்பார்கள். தண்ணீர்மலைக்கு இவருக்கு மட்டுமே தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. போய்ப் பார்த்தால் போலீஸ் தடுப்புக்கு முன்னால் பேராக் கார்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஓர் அண்ணன்.

இவர் வழி கேட்கமாட்டார் என்பதால், சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்குவது மனைவியின் வேலை. "தம்பி, லிட்டில் இந்தியாவுக்கு எப்படிப்பா போறது?"

மோட்டாரில் இருந்த பையன் குனிந்து எண் பலகையைப் பார்த்தான். "ஈப்போவா அக்கா?"

"பாரிட் புந்தார்!" என்று அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஓ... அது தைப்பிங் தாண்டியா?"

பக்கத்து வீட்டுக்காரனுக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாசி கண்டார் கடை வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. கடைவாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்த கார்களுக்குப் பின்னால் மூன்றாவதாக நிறுத்தப் போனவரை மகன் தடுத்தான். நிறுத்த இடம் கிடைத்த தெருவிலிருந்து கடைக்கு நடந்ததில், காலையில் பசியாறியது மொத்தமும் செரித்துவிட்டது.

இருட்டியபிறகு பாலத்துக்குப் போகும் வழியைத் தேடி ஜெலுத்தோங்கில் ஒரே பெட்ரோல் நிலையத்தை இரண்டாம் தடவை கடந்தபோது அண்ணன் தீவுக்குச் சாதகமாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். "பாத்தியா, உள்ள வரத்தான் டோல். வெளிய போறதுக்கு ஒரு காசு வாங்கமாட்டான்."

"வாங்கியிருந்தா போற வழிக்குப் பெருசா போர்டாச்சும் வச்சிருப்பான்" என்றார் மனைவி.