கைக்கெட்டிய ஆகாஷ்

உலகத்திலேயே மலிவானது என்று அன்று சொல்லப்பட்ட கைக்கணினி ஐதராபாத்தில் ஒன்றிணைக்கப்பட்டது என்றால் இன்று கல்லூரிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அமைச்சர் கபில் சிபல் மாணவர்களுக்காக என்று கையில் எடுத்துக் காட்டிய ஆகாஷ், டேட்டாவிண்ட் நிறுவனத்துக்காக ஐதராபாத் குவாட் எலக்ட்ரானிக்ஸில் உருவானது. ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். திரையை வருடினால் அசையாது. நகத்தால் அழுத்தினால் யோசிக்கும், யோசித்துவிட்டு அசையும். மாணவர்களுக்குப் பொறுமை கற்பிக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் ஏது?

அரசு ஒரு லட்சம் கருவி கேட்டது. கூடவே, ராணுவத் தரச் சோதனையும் கொட்டும் மழைச் சோதனையும் கேட்கிறார்கள் என்று டேட்டாவிண்ட் புலம்பியது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் குடையும் சேர்த்துக் கேட்டால் எப்படி? இதற்கிடையே பணப் பாக்கி விவகாரத்தில் குவாடும் டேட்டாவிண்டும் முட்டிக்கொண்டன. ஐதராபாத் கழன்றுகொண்டது.

கடைக்கு வந்த ஆகாஷின் தம்பிக்கு யூபிஸ்லேட் என்று பெயர். அப்போது விலை 2,999 ரூபாய். அதற்கு 7 பிளஸ், 7சிஐ என்று வாரிசுகள் வேறு. பெயருக்குப் பஞ்சமில்லை.

2012 நவம்பரில் அடுத்த பதிப்பான ஆகாஷ் 2 ஐ.நா. சபை வரை போய் வந்தது. அதே மாதம் அதன் பாகங்கள் சீனாவிலிருந்து வந்த கதையும் செய்தித்தாளில் வந்தது. அவசரத்துக்கு முதல் தவணை மட்டும்தான் அப்படி என்றது நிறுவனம்.