பானைக்குத் தகுதி போதாது

நல்ல காலம் பிறந்துவிட்டது. திருவண்ணாமலை செங்கம் சாலைக் கடையில் மூங்கில் டூத் பிரஷ் வந்திருக்கிறது. அட்டைப் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை, மேலே பச்சை இலை முத்திரை. பூமியைக் காப்பாற்றும் பொருளை யார் காப்பாற்றுவது? உறைதானே!

கிரிவலப் பாதையோரம் பானை விற்கும் அம்மாதான் இன்னும் திருந்தவில்லை. ஏரி மண், வைக்கோல் சூளை. உடைந்தால் மறுபடி மண். முத்திரை இல்லை, க்யூஆர் கோடு இல்லை. 14 கிலோமீட்டர் சுற்றிவரும் படித்த பக்தர் எதை நம்பி வாங்குவார்?

மத்திய அரசு 1991-லேயே 'ஈகோமார்க்' என்ற பசுமை முத்திரையைக் கொண்டுவந்தது. சோப்பு, காகிதம், பெயின்ட், பேட்டரி, ஏன், பிளாஸ்டிக் சாமானுக்கும் அதில் இடம் உண்டு. மண்பானைக்கு இல்லை. சரிதான், கண்டதையும் சேர்த்தால் முத்திரைக்கு என்ன மரியாதை?

அந்த முத்திரையை அம்மாவிடம் காட்டினேன்.

"அட, நம்ம பானை!"

"ஆமாம்மா. சோதனையில தேறினா பிளாஸ்டிக் வாளி மேல இதைப் போடலாம்."

"வாளி மேல பானையா? தேறட்டும், பாவம்" என்றவர், ஒரு பானையை விரலால் சுண்டினார். ணங்கென்றது. "எங்க சோதனை இவ்ளோதான் சாமி."

காசு வாங்காமல் செய்கிற சோதனையை எந்த ஆய்வகம் ஒப்புக்கொள்ளும்?