இறக்கை எண்ணும் உத்தியோகம்

பிரிட்டிஷ் விமானப்படையில் கடைநிலை ஊழியரின் மேன்மையை அவர் சட்டைக் கையிலேயே எண்ணிவிடலாம். முன்பெல்லாம் 'லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்' என்றால் இரண்டு இறக்கை வைத்த விமான விசிறிச் சின்னம். 'சீனியர்' ஆனால் மூன்று. ஜூனியர் டெக்னீஷியனுக்கு நான்கு. ஆமாம், சீனியருக்கு மேலே ஜூனியர். படையில் இதையெல்லாம் கேட்கக் கூடாது. ஜெட் வந்து போர் விமானங்களிலிருந்து விசிறி கழன்ற பிறகும் இவர்கள் கையிலிருந்து கழலவில்லை. 2022-இல் 'லீடிங்', 'சீனியர்' என்ற பெயர்களை எடுத்துவிட்டு, 'ஏர் ஸ்பெஷலிஸ்ட்' ஆக்கினார்கள். பயிற்சி முடிந்த கையோடு நிபுணர்! அதிலும் ரயில் டிக்கெட் மாதிரி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு.

இந்தப் படிக்கட்டின் அடியில் நிற்க ஆசைப்பட்டவரும் உண்டு. அரேபியப் பாலைவனத்தில் கர்னலாகப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1922-இல் பொய்ப்பெயரில் கடைநிலையில் சேர்ந்தார். பத்திரிகைகள் மோப்பம் பிடித்ததும் வெளியே அனுப்பினார்கள். ஆள் விடவில்லை. 1925-இல் வேறு பெயரில் திரும்பி வந்தார். அதற்குப் பிரதமர் பால்ட்வின் வரை சிபாரிசு போயிற்று. பதவி உயர்வுக்கு இல்லை, மறுபடி கூட்டிப் பெருக்க.