பாட்டியின் தவலை பொதுவுடைமையான கதை

எதிர்க்கட்சி என்கிற ஏற்பாட்டை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஓரிக்கைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. உலகத்தின் முதல் வெளிநடப்பு எங்கள் ஊரில்தான் படுத்துத் தூங்கியது.

காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜாவுக்குத் திடீரென்று வாலிபம் வேண்டியிருந்தது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் கூப்பிட்டு, அது வரும்படி என்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாடு என்றான். முடியாது என்றார் அவர். நாட்டை விட்டுப் போ என்றான் ராஜா. சீடர் கிளம்ப, குருவும் கிளம்பினார். கிளம்பியவர் கோயிலுக்குள் போய்ப் பெருமாளிடம், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் மறுபேச்சுப் பேசாமல் சுருட்டினார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் என்பதால் ஓரிக்கை. பெருமாள் போனதும் காஞ்சியில் இருள் மூடியது, ராஜா ஓடிவந்து காலில் விழுந்தான், மறுபடி எல்லோரும் ஊர் திரும்பினார்கள். இன்றைய எதிர்க்கட்சிகளும் வெளிநடப்பு செய்கின்றன. வராந்தாவில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கூடப் பெருமாள் வராததுதான் குறை.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், 919லும் 921லும் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய தேர்தல் விதி இருக்கிறது. 30 குடும்பு, அதாவது வார்டு; குடத்தில் பெயரெழுதிய ஓலை, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் கைவிட்டு எடுப்பான். நிற்பவருக்கு வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டுகிற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு. இதையெல்லாம் விட நான் ரசிப்பது ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமல்ல, அவனுடைய மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் வரைக்கும் தகுதி கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே எங்கள் பக்கத்து ஆட்கள் மச்சானைப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அந்தச் சட்டப்படி கால் வேலி இல்லாத கம்யூனிஸ்டின் ஓலை குடத்துக்குப் பக்கத்திலேயே வந்திருக்காது. 1952ல் குடம் இரும்புப் பெட்டியாகி, கால் வேலியும் கழன்றுகொண்டது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். இரட்டைக் காளை காங்கிரஸ், கதிர் அரிவாள் கம்யூனிஸ்ட். என் தாத்தா சீட்டை எந்தப் பெட்டியில் போட்டார் என்பது கடைசிவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி கேட்டபோது, “மாட்டுக்கும் போடணும், மாடு தின்ற கதிருக்கும் போடணும், சீட்டு ஒண்ணுதானே குடுத்தான்” என்றாராம்.

முடிவு வந்தபோது தறிக்குழியில் இருந்தவர்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சென்னை மாநிலத்தில் 375 இடம். காங்கிரசுக்கு 152. தடை, துப்பாக்கி, சேலம் சிறைச் சாவுகள் எல்லாவற்றையும் தாண்டி வந்த கம்யூனிஸ்டுகளுக்கு 62. பெரியார் வேறு அவர்களுக்காக ஊர் ஊராய்ப் பேசியிருந்தார். முதல்வர் குமாரசாமி ராஜா தோற்றார், பக்தவத்சலம் தோற்றார், மேலும் சில மந்திரிகளும் தோற்றார்கள். மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி ஜெயிலுக்குள் இருந்தபடியே ஜெயித்தார். அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பெரியவர், “அப்போ உள்ள இருக்கிறவன் வெளிய, வெளிய இருக்கிறவன் உள்ளயா?” என்று கேட்டது எங்கள் தெருவில் இன்னும் பழமொழி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆந்திரத் தலைவர் பிரகாசத்தின் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் கூட்டணி போட்டு, எங்களிடம் 166 பேர் என்றார்கள். கணக்குத் தெரிந்த கவர்னர் ஸ்ரீ பிரகாசா 152தான் பெரிது என்று கண்டுபிடித்து ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. நிற்காதவரை மேலவைக்கு நியமித்து, ஏப்ரல் 10ல் முதல்வராக்கினார்கள். குடவோலைக்கு ஒரு சிறுவனாவது தேவைப்பட்டான். இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போய்ப் பார்த்தார், மனு தள்ளுபடி. ஜூலை 3ல் நம்பிக்கை வாக்கு, 200க்கு 151. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் காமன்வீல் கட்சியின் 6 பேரும் காங்கிரசுக்குக் கை கொடுத்தார்கள், அவர்களுடைய மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். 152 எப்படி 200 ஆனது என்று கேட்கக்கூடாது. பாவு நீட்டினால் நீளத்தான் செய்யும்.

இப்போது எதிர்வரிசை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அனந்தப்பூர் நாகி ரெட்டி, அசல் கம்யூனிஸ்ட். அனந்தப்பூரில் அவர் தோற்கடித்தது நீலம் சஞ்சீவ ரெட்டியை. பிற்காலத்தில் ஜனாதிபதியான அதே சஞ்சீவ ரெட்டிதான். சஞ்சீவ ரெட்டியின் மனைவி நாகி ரெட்டியின் சகோதரி. ஆக, மச்சான் மச்சானைக் கவிழ்த்தார். தீபாவளிக்கு அந்த வீட்டில் யார் யாருக்கு எண்ணெய் வைத்தார்கள் என்பது தெரியவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்திருந்தால் சஞ்சீவ ரெட்டி எச்சரிக்கையாக இருந்திருப்பார்.

சிவப்புக் கட்சி எதிர்க்கட்சி ஆகிவிட்டது என்ற சேதி ஓரிக்கைக்குள் நுழையும்போதே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. எதிர்க்கட்சிக்கும் ஆளுங்கட்சிக்கும் வித்தியாசம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. சட்டசபையில் நாற்காலி கிடைத்துவிட்டதாம், இனி ஊருக்கு ஒரே அடுப்பு என்றார் ஒருவர். ரெண்டு மாடு இருந்தால் ஒன்று போச்சு என்றார் இன்னொருவர். ரெண்டு பெண்டாட்டிக்காரர் ஒருவர், அந்தச் சட்டம் எப்போது அமலுக்கு வரும் என்று ஆர்வமாக விசாரித்தாராம். எல்லோரையும் விட அதிகமாக நடுங்கியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தறி முதலாளியுடையது, பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பது, வீடு வாடகை. அவருக்குச் சொந்தம் ஒரு வெற்றிலைச் செல்லம். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாராம். மிராசுதாரர்கள் அப்படியெல்லாம் பதறவில்லை, ஆனால் களத்தில் ஆள் வந்தால் முதலில் அவர்களே “சாப்பிட்டியாடா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் செங்கொடி சாதித்த முதல் சீர்திருத்தம் அதுதான்.

பாட்டியிடம் பித்தளைத் தவலை இரண்டு இருந்தன. ஒன்று அவள் சீர், இன்னொன்று மாமியாருடையது. இரண்டில் ஒன்று போகும் என்பது ஊர்க் கணக்கு. தாத்தா ஆடி அசைந்து சொன்னார்: “அவங்க எதிர்க்கட்சிடி. கேள்விதான் கேப்பாங்க, தவலை கேக்க மாட்டாங்க.” பாட்டி கேட்கவில்லை. ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய புடவையில் சுற்றி, ஒரு வெள்ளிக்கிழமை பாலாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்து, அக்கரையில் இருந்த தம்பி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தாள். தம்பி பெண்டாட்டி, “ஒங்க வீட்டுப் பொருள்னா எங்க வீட்டுப் பொருள் மாதிரி அண்ணி” என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பாட்டிக்கு அந்த வாசகத்தின் பொருள் அப்போது விளங்கவில்லை.

சட்டசபையில் ராஜாஜி எழுந்து, கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி, நான் அவர்களுக்கு முதல் எதிரி என்று மூடி மறைக்காமல் அறிவித்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நடந்தது வேறு. அந்த முதல் எதிரிதான் ஜூன் மாதம் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். பாட்டி ரேஷன் வரிசையிலிருந்து விடுதலையானாள். அதே முதல் எதிரிதான் ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களை வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார். செங்கொடிக்காரர்கள் தஞ்சாவூர் வயலில் வருஷக்கணக்காக அடி வாங்கிக் கத்தியதற்குப் பலன் எதிராளியின் கையெழுத்தில் வந்தது. சட்டம் தஞ்சாவூருக்கு மட்டும் என்று தெரிந்ததும் எங்கள் மிராசுதாரர்கள், “சாப்பிட்டியாடா”வை நிறுத்திக்கொண்டார்கள்.

தறிக்காரர்கள் பாடுதான் வேடிக்கை. துணி தேங்கி, கூலி இறங்கி, காஞ்சிபுரமே படுத்துக் கிடந்தது. கம்யூனிஸ்டுகள் நெசவாளிக்காகக் குரல் கொடுத்தார்கள். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே என்று ஒதுக்குங்கள் என ராஜாஜியும் டில்லியோடு மல்லுக்கட்டினார். எங்கள் ஊர்க்காரர் அண்ணாதுரையின் கட்சி 1952 தேர்தலில் நிற்கவே இல்லை. அவர்களும் 1953 ஜனவரியில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எதிரி, மூன்று பேரும் நம்ம ஆள். “யாரைத் திட்டுறதுன்னே தெரியலையே” என்று தாத்தா நாடாவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். நெய்ய வேலையும் இல்லை என்பது வேறு விஷயம்.

1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. நாகி ரெட்டி தெலுங்குப் பக்கம் போக, எதிர்க்கட்சித் தலைவராக ராமமூர்த்தி எழுந்தார். கும்பகோணம் பக்கத்து வேப்பத்தூர்ச் சாஸ்திரி வீட்டுப் பிள்ளை, காலைச் சற்றுத் தாங்கி நடப்பவர், எதிரே ராஜாஜி. அய்யரும் அய்யங்காரும் சண்டை போட நாம் ஏன் மாட்டை ஒளித்துவைக்க வேண்டும் என்று ஊருக்குச் சந்தேகம் வந்து, பயம் பாதி குறைந்தது. மீதியை அடுத்த தேர்தல் தீர்த்துவைத்தது. 1957ல் கம்யூனிஸ்டுகள் 62லிருந்து 4க்கு வந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் அதே வருஷம் அவர்கள் மந்திரிசபையே அமைத்தார்கள் என்பதால், அங்கே தவலை வைத்திருந்தவர்கள் நிலை என்ன என்று பாட்டி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி எங்கள் பக்கமே வந்துவிட்டது. உத்திரமேரூரில் ஜெயித்த வி.கே. ராமசாமி முதலியார் அதில் உட்கார்ந்தார். காங்கிரசிலிருந்து பிரிந்த காங்கிரஸ்காரர்களின் தலைவர். காஞ்சிபுரத்தில் முதல்முறை ஜெயித்த அண்ணாதுரை அவைக்கு வந்தும் அந்த நாற்காலி அவருக்கு இல்லை. நாற்காலியில் இருப்பவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் அந்தத் தடவை யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை. உள்ளூர்க்காரர் பிடுங்கினால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று பாட்டி அக்கரைக்குக் கிளம்பினாள். தம்பி பெண்டாட்டி மோர் கொடுத்தாள், வெற்றிலை கொடுத்தாள், சேதி எல்லாம் கேட்டாள். தவலை புழக்கடையில் வெந்நீர் அடுப்பின் மேல், அடி கறுத்து, வாய் நெளிந்து உட்கார்ந்திருந்தது. பாட்டி அதைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டியும் பார்த்தாள்.

“எது, இதுவா? இது எங்க மாமியாரோடது அண்ணி.”

அந்த மாமியார், பாட்டியின் அம்மா.